வியர்வை காயுமுன் கூலி: நபிகளாரும் தோட்டத்து மக்களும்

மௌலிது ரசூல் நாள் மலேசியா முழுவதும் பொது விடுமுறை. சிரம்பானிலும் மற்றப் பட்டணங்களிலும் பதாகை ஏந்திய ஊர்வலங்கள் பள்ளிவாசலை நோக்கிப் போகும், ஸலவாத்து முழங்கும். பகாவ் பக்கத்திலோ ரந்தாவ் பக்கத்திலோ ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தமிழருக்கு அந்த நாள் பெரும்பாலும் ஓய்வு நாளாகவே நினைவில் இருக்கும். பிரட்டு இல்லை, பால்மரம் சீவ வேண்டியதில்லை. ஊர்வலம் யாருக்காக நடக்கிறதோ அந்த மனிதரின் வரலாற்றில் தனக்கும் ஒரு பங்கு உண்டு என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் பற்றிய மேடைப் பேச்சுகளில் பிறப்பு வரும், ஹிரா குகை வரும், ஹிஜ்ரத் வரும், பத்ரு யுத்தம் வரும். அவர் கூலிக்கு வேலை செய்தவர், கூலிக்கு ஆள் வைத்தவர், கூலியைப் பற்றி மிகக் கடுமையாகப் பேசியவர் என்ற பக்கம் அவசரமாகக் கடந்து போய்விடும். நூறாண்டுக்கு மேலாகக் கூலி ஒன்றையே நம்பி வாழ்ந்த ஒரு கூட்டத்துக்கு இந்தப் பக்கம்தானே முதலில் திறந்து காட்டப்பட வேண்டியது?

உழைப்பவனின் வியர்வை காய்வதற்குள் அவன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்று நபிகளார் பணித்ததாக இப்னு மாஜாவின் தொகுப்பில் ஒரு செய்தி இருக்கிறது. முஸ்லிம்களில் அநேகமாக எல்லோரும் அறிந்த செய்தி. நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டத்தில் நின்று கேட்டால் அது வேறு மாதிரி கேட்கும். விடியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, வெயில் ஏறுவதற்குள் மரம் சீவி, பாலை வாளியில் சேர்த்து நிறுவைக்குக் கொண்டுவரும்போது நண்பகல் நெருங்கிவிடும். உடம்பில் வழிந்த வியர்வை அந்த மரத்தடியிலேயே காய்ந்துவிட்டது. கூலி நாளுக்கு இவ்வளவு என்று கணக்கு, ஆனால் கைக்கு வருவது மாதக் கடைசியில், கழிவெல்லாம் போக.

மக்காவில் கி.பி. 570 வாக்கில் பிறந்தபோதே அவருக்குத் தந்தை இல்லை. ஆறு வயதில் தாய் ஆமினாவும், எட்டு வயதில் பாட்டனார் அப்துல் முத்தலிபும் போனார்கள். பெரிய தந்தை அபூதாலிபின் வீட்டில் வளர்ந்தார். அபூதாலிபுக்குக் குடும்பம் பெரிது, வசதி சிறிது. சிறுவர் ஊராரின் ஆடுகளை மேய்த்தார். சொந்த வீட்டு ஆடுகள் அல்ல. மக்காவாசிகளின் ஆடுகளைச் சில கீராத்துக் காசுகளுக்கு மேய்த்ததைப் பிற்காலத்தில் அவரே தோழர்களிடம் சொன்னதாக ஸஹீஹ் புகாரியில் பதிவாகியிருக்கிறது. ஒரு சமுதாயத்தின் தலைவராகிவிட்ட பிறகு கூலிக்கு ஆடு மேய்த்ததை அவர் மறைக்கவில்லை. ஆடு மேய்க்காத நபியே இல்லை என்றும் சேர்த்துச் சொன்னார்.

அவருக்கு இருபது வயது இருக்கும்போது மக்காவில் ஒரு சம்பவம் நடந்தது. யமன் நாட்டு ஸபீதிலிருந்து சரக்கோடு வந்த ஒரு வெளியூர்க்காரரிடம் ஆஸ் இப்னு வாயில் என்ற குறைஷித் தலைவர் பொருளை வாங்கிக்கொண்டு விலையைக் கொடுக்க மறுத்தார். வெளியூர்க்காரருக்கு மக்காவில் உறவு இல்லை, குலம் இல்லை, கேட்க நாதியில்லை. அவர் ஒரு குன்றின் மேல் ஏறி நின்று தமக்கு நேர்ந்த அநியாயத்தை ஊர் கேட்க உரக்கச் சொன்னார். சில குலத்தார் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் கூடி ஓர் உடன்படிக்கை செய்தார்கள். உள்ளூர்க்காரனோ வெளியூர்க்காரனோ, அநீதி இழைக்கப்பட்டவன் பக்கம் எல்லோரும் சேர்ந்து நின்று அவனுக்குரியதை வாங்கிக் கொடுப்பது என்று முடிவாயிற்று. ஹில்ஃபுல் ஃபுளூல் என்று வரலாறு அதை அழைக்கிறது. ஆஸிடமிருந்து பாக்கி வசூலானது.

அந்தக் கூட்டத்தில் இளைஞர் முஹம்மதும் இருந்தார். நபித்துவம் கிடைப்பதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முந்தைய கதை இது. கூடியிருந்தவர்களில் எவரும் அப்போது முஸ்லிம் இல்லை. ஆனாலும் உயர்ந்த சிவப்பு ஒட்டகங்களைக் கொடுத்தாலும் அந்த உடன்படிக்கையை விட்டுத்தர மாட்டேன், இஸ்லாம் வந்த பிறகும் அப்படி ஒன்றுக்கு அழைத்தால் போவேன் என்று நபிகளார் பின்னாளில் சொன்னதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காத ஒரு பெரிய மனிதனுக்கு எதிராக ஊர் கூடிச் செய்த ஒப்பந்தம் அது. இன்றைய பேச்சில் அதற்குச் சங்கம் என்று பெயர்.

நெகிரி செம்பிலானில் இந்தச் சொல்லுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 1937 மார்ச்சில் சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் சீன ரப்பர்த் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். போருக்குப் பிறகு இந்த மாநிலத்தில் தொழிற்சங்க வேலையைத் தொடங்கிய பி.பி. நாராயணன் என்ற இளைஞர், 1954இல் பல சங்கங்கள் ஒன்றாகி உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச் செயலாளரானார். 1962இல் அவருக்கு மகசாசே விருது கிடைத்தது. அவரும் அவர் திரட்டிய தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோரும் இந்துக்கள். ஹில்ஃபுல் ஃபுளூல் என்ற பெயரை அவர்கள் கேட்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை. அந்த உடன்படிக்கையும் மதம் பார்த்துச் செய்யப்பட்டதல்லவே.

இளமைக்குத் திரும்புவோம். மக்காவின் வணிகச் சீமாட்டி கதீஜா அம்மையார் தம் சரக்கை ஷாம் தேசத்துக்குக் கொண்டுபோக நம்பகமான ஆள் தேடினார். 'அல்அமீன்' என்று பெயரெடுத்த முஹம்மதுக்கு மற்றவர்களுக்குக் கொடுப்பதைவிட அதிகம் தருவதாகச் சொல்லி அமர்த்திக்கொண்டார். கணக்குச் சுத்தமாக வந்தது, லாபமும் வந்தது. முதலாளி அம்மையார் பிறகு மனைவியானார். அவருக்கு வயது 40, இவருக்கு 25 என்பது பரவலான வழக்கு. முதலாளியே வேலையாளின் நேர்மைக்குச் சாட்சியாக நின்ற கல்யாணம் என்று இதைச் சொல்லலாம்.

அந்த வீட்டில் ஸைத் என்று ஒரு பையன் இருந்தான். தாயோடு உறவினர் ஊருக்குப் போன இடத்தில் கொள்ளைக் கூட்டத்தார் பிடித்துக்கொண்டு போய் உக்காஸ் சந்தையில் விற்ற பிள்ளை. கை மாறிக் கதீஜாவிடம் வந்து, அவரால் கணவருக்குக் கொடுக்கப்பட்டவன். மகனைத் தேடி அலைந்த தகப்பன் ஹாரிஸா ஒரு நாள் பணத்தோடு மக்காவுக்கு வந்து சேர்ந்தார். பணம் வேண்டாம், பையனைக் கேளுங்கள், வருகிறேன் என்றால் அழைத்துப் போங்கள் என்றார் முஹம்மது. பையன் இவரைவிட்டுப் போக மாட்டேன் என்றான். அன்றே அவனைத் தம் மகன் என்று ஊரறியச் சொல்லிவிட்டார். சந்தையில் விலை போன அந்தப் பிள்ளைதான் 629இல் மூத்தா போரில் முஸ்லிம் படைக்குத் தளபதியாகச் சென்று உயிர் கொடுத்த ஸைத் இப்னு ஹாரிஸா. நபித்தோழர்களில் திருக்குர்ஆன் பெயர் சொல்லிக் குறிப்பிடும் ஒரே மனிதர் அவர்தான்.

மூன்று குற்றவாளிகள்

610இல் ஹிரா குகையில் முதல் வேத வெளிப்பாடு வந்தது. அதன் பிறகு நடந்தவை பலரும் அறிந்தவை: மக்காவின் பகை, மூன்றாண்டு ஊர்விலக்கு, கதீஜாவும் அபூதாலிபும் மறைந்த துயர ஆண்டு, தாயிஃபில் கல்லடி, 622இல் மதீனாவுக்கு ஹிஜ்ரத். இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டியது அவர் சொன்ன ஒரு செய்தி. புகாரியில் இருக்கிறது. மறுமை நாளில் மூன்று பேருக்கு எதிராகத் தானே வழக்காடப் போவதாக இறைவன் அறிவித்திருக்கிறான் என்றார் நபிகளார். இறைவன் பெயரைச் சொல்லி வாக்குக் கொடுத்துவிட்டு மோசம் செய்தவன் ஒருவன். சுதந்திரமான மனிதனை விற்று அந்தக் காசைத் தின்றவன் இன்னொருவன். ஆளை வைத்து முழு வேலையையும் வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காமல் விட்டவன் மூன்றாமவன்.

கொலைகாரனையும் கொள்ளைக்காரனையும் விட்டுவிட்டு ஏன் இந்த மூன்று பேர்? அரபு நாட்டில் பதில் தேடும் முன் மலாயாவுக்கு வந்தவர்களின் பாதையைப் பார்த்தாலே பாதி புரியும்.

முதலில் வாக்கு. சஞ்சிக்கூலி முறை வடக்கே கரும்புத் தோட்டங்களில் வேர்விட்டது. நெகிரி செம்பிலானில் காப்பித் தோட்டங்கள் ரப்பருக்கு மாறியபோது லயங்களை நிரப்பியவர்கள் பெரும்பாலும் கங்காணி அழைத்து வந்தவர்கள். சஞ்சி முறை 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணி முறை நீடித்தது. தோட்டத்தில் வேலை பார்த்த கங்காணி உரிமச் சீட்டோடு சொந்த ஊருக்குப் போவார். நல்ல வேட்டி, நல்ல பேச்சு. ஊரில் பஞ்சம், கடன், சாதிக் கொடுமை. கடல் தாண்டினால் எல்லாம் தீரும் என்பது வாக்கு. நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களில் தங்கிக் கப்பலேறியவர்களுக்கு அந்த வாக்கைத் தவிர வேறு பத்திரம் இல்லை. ஜப்பானியர் காலத்தில் இதே தோட்டங்களில் நல்ல சம்பளம் என்று ஆசை காட்டியும், அது பலிக்காதபோது வலுவில் பிடித்தும், சயாம் ரயில் பாதைக்கு ஆட்களைக் கொண்டுபோனார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை.

அடுத்தது விற்பனை. சட்டப்படி தோட்டத் தொழிலாளி அடிமை அல்ல. 1907இல் தொடங்கிய குடியேற்ற நிதி கப்பல் செலவை ஏற்றுக்கொண்டதால் காகிதத்தில் அவனுக்குக் கடனும் இல்லை. ஆனால் கங்காணிக்குத் தலைக்காசு என்று ஒன்று இருந்தது. தான் கொண்டுவந்த ஆள் பிரட்டுக்கு வந்து வேலைக்குப் போனால் நாளுக்கு ஓர் ஆளுக்கு ஒன்றிரண்டு காசு கங்காணிக்கு. ஆள் காய்ச்சலில் படுத்தால் அந்தக் காசு போய்விடும். எனவே காய்ச்சலோடு எழுப்ப வேண்டிய தேவை கங்காணிக்கு வந்தது. இதை விற்பனை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் ஒரு மனிதனின் தலையை எண்ணி இன்னொரு மனிதன் காசு வாங்கியதற்கு வேறு பெயர் வைப்பதும் சிரமம். கங்காணிகளில் நல்லவர்களும் இருந்தார்கள். கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் முன்நின்றவர்கள். ஏற்பாடு அப்படிப்பட்டது, ஆள் நல்லவரானாலும் காசு அதே வழியில்தான் வந்தது.

மூன்றாவது, கூலி. 1923இன் தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குப் பிறகு இந்தியத் தொழிலாளருக்கு அரசே நிலைக்கூலி நிர்ணயித்தது. 1928 வாக்கில் முக்கிய வட்டாரங்களில் ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பெண் வெட்டிய மரம் பாலைக் குறைத்துக் கொடுத்ததா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் 1930இல் அது 40 காசாகவும் 32 காசாகவும் வெட்டப்பட்டது. ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் கப்பலேற்றித் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1936 கடைசியில் நேரில் பார்க்க வந்த சீனிவாச சாஸ்திரியார் கூலியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார். 1938இல் இந்திய அரசு தொழிலாளர் அனுப்புவதையே நிறுத்தியது.

கூலியை நேராக மறுப்பது ஒரு வகை. நிறுவையில் குறைப்பது இன்னொரு வகை. நபிகளார் மதீனாவுக்கு வந்தபோது அவ்வூர்ச் சந்தையில் அளவையும் நிறுவையும் மோசமாக இருந்ததாகவும், அளவில் மோசடி செய்வோரைக் கண்டிக்கும் 83ஆவது அத்தியாயம் இறங்கியபின் சீரானதாகவும் இப்னு அப்பாஸ் சொல்கிறார். வாங்கும்போது நிறைய அளந்து, கொடுக்கும்போது குறைத்து அளக்கிறவர்களுக்குக் கேடு என்பது அதன் தொடக்கத்தின் பொருள். பால் நிறுக்கும் கொட்டகையில் தராசையும், பாலில் தண்ணீர் எவ்வளவு என்று பார்க்கும் கருவியையும், குறித்துக்கொள்ளும் கிராணியின் பேனாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவைப்படாது.

மண் சுமந்த தலைவர்

மதீனாவில் அவர் ஆட்சித் தலைவர். பள்ளிவாசல் கட்டியபோது தோழர்களோடு கல் சுமந்தார். 627இல் ஊரைக் காக்க அகழி வெட்டியபோது வயிற்றில் மண் படிய மண் சுமந்தார். குன்றின் மேல் துரையின் பங்களாவும் பள்ளத்தில் லயமும் என்று இருந்த உலகத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி சற்று நம்ப முடியாததாகவே இருக்கும்.

அவரிடம் பத்தாண்டுகள் வேலை பார்த்தவர் அனஸ் இப்னு மாலிக். சிறுவனாக வந்து சேர்ந்தவர். அத்தனை ஆண்டுகளில் தம்மை ஒருமுறைகூடச் 'சீ' என்று சொன்னதில்லை, இதை ஏன் செய்தாய், அதை ஏன் செய்யவில்லை என்று கேட்டதில்லை என்று அவரே சாட்சி சொல்கிறார். எஜமானைப் பற்றி வேலைக்காரர் கொடுத்த சாட்சி என்பதால் இதற்கு மதிப்பு அதிகம். வேறொரு சமயம் அபூதர் என்ற தோழர் ஒரு மனிதரை அவருடைய கறுப்பினத் தாயைச் சொல்லி இழித்துவிட்டார். அறியாமைக் காலத்துக் குணம் உம்மிடம் இன்னும் இருக்கிறது என்று நபிகளார் அவரைக் கடிந்துகொண்டார். உம் கீழ் இருப்பவர்கள் உம் சகோதரர்கள், நீர் உண்பதை அவர்களுக்கும் கொடும், நீர் உடுப்பதை அவர்களுக்கும் கொடும், தாங்க முடியாத வேலையைச் சுமத்தாதீர், சுமத்தினால் கூட நின்று உதவும் என்றார். அதன்பின் அபூதரும் அவருடைய ஊழியரும் ஒரே மாதிரி ஆடை உடுத்தித் திரிந்ததைப் பார்த்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

அவர் அடிமை முறையை ஒரே கட்டளையில் ஒழித்துவிடவில்லை. இதை மறைக்க வேண்டியதில்லை. அடிமையை விடுவிப்பதைப் பல குற்றங்களுக்குப் பரிகாரமாக வைத்தார்; ஜகாத் நிதி செலவிட வேண்டிய எட்டு வழிகளில் விடுதலைக்கும் ஒரு வழி உண்டு. பிலாலும் ஸைதும் தலைநிமிர்ந்தார்கள். ஆனால் அவருக்குப் பின் வந்த முஸ்லிம் அரசுகள் பல நூற்றாண்டுகள் அடிமைச் சந்தையை நடத்தின. அது அவர் காட்டிய திசையில் போனதா எதிர்த் திசையில் போனதா என்பதை ஸைதின் கதையை வைத்தே பார்த்துக்கொள்ளலாம்.

632இல் இறுதி ஹஜ்ஜில் அவர் ஆற்றிய பேருரையில் வட்டியை ரத்துச் செய்தார். முதலில் ரத்தானது அவருடைய சொந்தச் சிறிய தந்தை அப்பாஸுக்கு வர வேண்டிய வட்டி. மாதச் சம்பளம் வருமுன்பே கடைக் கணக்கிலும் வட்டிக் கணக்கிலும் கரைந்துபோன குடும்பங்களுக்கு இது எத்தனை பெரிய செய்தி! தமிழில் நபிகளார் வரலாற்றைக் காப்பியமாகப் பாடிய உமறுப்புலவரின் சீறாப்புராணம் 5,000 பாடல்களைத் தாண்டியும் இந்த இடத்துக்கு வந்து சேரவில்லை. அதற்கு முன்பே நின்றுவிடுகிறது. எஞ்சிய வரலாற்றைப் பாட பனீ அகமது மரைக்காயரின் சின்னச் சீறா வர வேண்டியிருந்தது. அராபியப் பாலைவனத்தைத் தமிழ் மருத நிலமாக்கிக் காட்டிய உமறுவின் வாக்கில் அந்தப் பேருரை கிடைக்காமல் போனது தமிழுக்கு நட்டம்தான்.

அதே ஆண்டு அவர் மறைந்தபோது அவருடைய போர்க்கவசம் ஒரு யூதரிடம் முப்பது 'ஸாவு' அளவு வாற்கோதுமைக்காக அடகில் இருந்தது. அரபு நாட்டின் பெரும்பகுதி அப்போது அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டிருந்தது.

இன்று லயத்தில் இருப்பவர்

நெகிரி செம்பிலானில் லாபு, நீலாய்ப் பக்கம் பல தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகிவிட்டன. எஞ்சிய இடங்களில் ரப்பரின் நிலத்தைச் செம்பனை பிடித்துக்கொண்டது. குறைந்தபட்சச் சம்பளம் நாட்டில் சட்டமானது 2013இல்தான். தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி. 2025 பிப்ரவரி முதல் அது 1,700 வெள்ளி. இந்த உயர்வைப் பார்க்கத் தோட்டத்தில் தமிழர்கள் அதிகம் இல்லை. பிள்ளைகள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். சிலர் வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கும் உயர்ந்திருக்கிறார்கள், காண்டிராக்ட் எடுக்கிறார்கள்.

செம்பனைக் குலை வெட்டுபவர் இன்று இந்தோனேசியாவிலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்தவர். ஊரில் ஏஜெண்டுக்குக் கொடுத்த பணத்துக்காக நிலத்தை ஈடு வைத்தவர் அவர்களில் பலர். கடப்பிதழ் வேறொருவர் பெட்டியில் இருந்த கதைகளும் வெளிவந்தன. 2020இல் கட்டாய உழைப்பு என்ற குற்றச்சாட்டின் பேரில் இரண்டு பெரிய மலேசிய நிறுவனங்களின் பாமாயிலை அமெரிக்கா தன் துறைமுகங்களில் தடுத்தது. அவற்றில் ஒன்று, தொழிலாளர்கள் வேலைக்குச் சேரக் கொடுத்த கட்டணத்தைத் திருப்பித் தருவதற்குப் பெருந்தொகை ஒதுக்கிய பிறகு 2023இல் தடையிலிருந்து விடுபட்டது. இடையே 2022 மார்ச்சில் கட்டாய உழைப்புக்கு எதிரான அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் நெறிமுறையில் மலேசியாவும் இணைந்தது. ஏஜெண்டின் வாக்கு, தலைக்கு இவ்வளவு என்ற கட்டணம், பிடித்துக்கொண்ட சம்பளம். பெயர்கள்தான் மாறியிருக்கின்றன, எண்ணிக்கை அதே மூன்று.

ஒரு வித்தியாசம் உண்டு. அன்று லயத்தில் இருந்தவருக்கு அந்த நபிமொழி தெரியாது. இன்று இருப்பவருக்குத் தெரியும். மௌலிது நாளன்று அவரும் குளித்துவிட்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, தோட்டத்துக்கு அடுத்த கம்பத்துப் பள்ளிவாசலுக்குப் போகிறார். அவரை வேலைக்கு வைத்த காண்டிராக்டரும் முஸ்லிமாக இருந்தால் அதே வரிசையில் பக்கத்தில் நிற்கலாம். வியர்வை காய்வதைப் பற்றி இமாம் சொல்லும்போது இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.